வலித்தால் நில்லுங்கள்... விட்டதும் நடங்கள்!

அப்பா சாயங்காலம் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறார். வயசு அறுபத்தைந்து. தெருக்கோடி வரை ஒழுங்காகத்தான் நடக்கிறார். மூன்றாவது கரண்ட் கம்பத்தைத் தாண்டியதும் வலது கெண்டைக்காலை யாரோ கயிறு போட்டு முறுக்குவதுபோல் ஒரு பிடிப்பு. நின்றுவிடுகிறார். தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று, எதிரில் இருக்கும் பாத்திரக் கடையைப் பார்ப்பதுபோல் ஒரு பாவனை. இரண்டு, மூன்று நிமிஷம். வலி இருந்த இடம் தெரியவில்லை. மறுபடி நடக்கிறார். அதே தூரம் போனதும் அதே பிடிப்பு. இந்தத் தடவை ஜவுளிக் கடை!

வீட்டுக்கு வந்து சொன்னால் என்ன பதில் வரும்?

‘‘வயசாயிடுச்சுல்ல... கால் வலிக்காம என்ன பண்ணும்? இனிமே மார்க்கெட்டுக்கெல்லாம் நீங்க போக வேணாம்பா. தம்பி போய் வாங்கிட்டு வரட்டும். நீங்க பேசாம உட்கார்ந்து டி.வி. பாருங்க.’’

பாசத்தில் சொல்கிற வார்த்தைதான். ஆனால், அப்பாவுக்கு வந்திருக்கும் நோய்க்கு இதைவிடத் தப்பான வைத்தியம் கிடையாது. வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால், அந்தக் கால் மேலும் மேலும் பலவீனமாகும். ‘வலிக்கும் வரை நட, வலித்தால் நில், வலி விட்டதும் மறுபடி நட’ என்பதுதான் அறுபது வருஷ ஆராய்ச்சி சொல்லும் பாடம். ‘இதென்ன வேடிக்கையாக இருக்கிறதே!’ என்கிறீர்களா? முழுவதும் படித்துவிடுங்கள்.

இதயத்தில் மட்டுமல்ல, காலிலும் அடைப்பு!

இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயில் அடைத்தால் பக்கவாதம். இது நம் எல்லோருக்கும் தெரியும். அதே கொழுப்பு, அதே மாதிரி கால்களுக்குப் போகும் தமனிகளிலும் படியும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. இதற்குப் பெயர் ‘பெரிபெரல் வாஸ்குலர் டிசீஸ்’. தமிழில் புற ரத்தக் குழாய் நோய் என்று சொல்லலாம்.

உட்கார்ந்திருக்கும்போது கால் தசைகளுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். குழாய் பாதி அடைத்திருந்தாலும் காலம் ஓடிவிடும். நடக்க ஆரம்பித்தால் கெண்டைச் சதைக்குப் பல மடங்கு ரத்தம் வேண்டும். குழாய் குறுகிக் கிடக்கிறது. வருகிற ரத்தம் போதவில்லை. பிராண வாயு கிடைக்காத தசை, ‘என்னால் முடியாது’ என்று வலியாகக் குரல் கொடுக்கிறது. நின்றதும் தேவை குறைகிறது, வலியும் போகிறது. டாக்டர்கள் இதை ‘கிளாடிகேஷன்’ என்பார்கள். நொண்டுவது என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். ஜெர்மனியில் இதற்குக் ‘கடை ஜன்னல் வியாதி’ என்றே ஒரு செல்லப் பெயர் உண்டு. நம் அப்பா பாத்திரக் கடையைப் பார்த்த அதே கதைதான் அங்கேயும்!

இது ஏதோ அபூர்வமான நோய் என்று நினைக்க வேண்டாம். 2010-ம் ஆண்டு நிலவரப்படி உலகம் முழுவதும் சுமார் 20 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக, 2013-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான கணக்கு சொல்கிறது. நம் ஊருக்கும் கணக்கு உண்டு. சென்னையில் பொதுமக்களிடம் நடத்தி 2000-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இந்த நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது இரண்டு மடங்கு - நூற்றுக்கு ஆறு பேர்!

யாருக்கு வரும்? புகை பிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கொழுப்பு அதிகம் உள்ளவர்கள், வயது ஏறியவர்கள். இதில் முதல் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எந்தக் கால் வலி இந்தக் கால் வலி?

கால் வலி என்றால் எல்லாமே அடைப்பு ஆகிவிடாது. வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

நடந்தால் வருகிறது, நின்றாலே போதும், சில நிமிஷத்தில் விட்டுவிடுகிறது, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே தூரத்தில் வருகிறது என்றால், ரத்தக் குழாய் மீது சந்தேகப்பட வேண்டும்.

வெறுமனே நின்றுகொண்டிருந்தாலே வலிக்கிறது, உட்கார்ந்து முன்பக்கம் குனிந்தால்தான் சுகமாக இருக்கிறது என்றால், முதுகுத் தண்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுந்து முதல் அடி வைக்கும்போதே மூட்டில் ‘சுருக்’ என்றால், அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம்.

சாயங்காலமானால் கால் கனத்து வீங்குகிறது, தலையணை மேல் தூக்கி வைத்தால் இதமாக இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் சிரைகளின் கோளாறு.

சந்தேகம் வந்தால் டாக்டர் செய்யும் முதல் சோதனை மிகவும் எளிது. ஊசி கிடையாது, வலி கிடையாது. கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் கணுக்காலிலும் பார்ப்பார்கள். நாடித் துடிப்பைக் கேட்க, பேனா மாதிரி ஒரு ‘டாப்ளர்’ கருவி. கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். உதாரணமாக, கையில் 140, கணுக்காலில் 84 என்றால் விடை 0.6. சாதாரணமாக இது 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 0.9-க்கும் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். 0.4-க்கும் கீழே போனால் நிலைமை மோசம். சர்க்கரை நோய் பல வருஷமாக உள்ளவர்களுக்குக் குழாய் கல்லாகிப்போய், இந்த எண் பொய்யாகக் கூடுதல் காட்டும். அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் பார்ப்பார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம். அவர்களுக்கு முதல் அறிகுறியே ஆறாத புண்ணாக இருக்கும்.

டென்மார்க்கில் ஆரம்பித்த நடை

ஒரு வைத்தியம் பலிக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘நான் சாப்பிட்டேன், எனக்குச் சரியாயிடுச்சு’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் போதுமா? போதாது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டு கோஷ்டிகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு கோஷ்டிக்கு வைத்தியம், இன்னொன்றுக்கு இல்லை. பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். இதுதான் நாணயமான மருத்துவ ஆராய்ச்சி.

நடைப் பயிற்சியை முதன்முதலாக இப்படிச் சோதித்தவர்களில் முக்கியமானவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த லார்சன், லாசன் என்ற இரண்டு டாக்டர்கள். 1966-ல் வெளியான அந்த ஆய்வு மிகச் சின்னது. ஆனால், தினமும் பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்களைவிட அதிக தூரம் நடந்து காட்டினார்கள். ‘கால் வலித்தால் ஓய்வெடு’ என்ற பழைய எண்ணத்தில் முதல் விரிசல் விழுந்தது.

1995-ல் அமெரிக்காவில் கார்ட்னர், போல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அதுவரை வந்திருந்த 21 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். பயிற்சிக்கு முன்னால் வலியில்லாமல் நடக்க முடிந்தது சராசரியாக 126 மீட்டர். பயிற்சிக்குப் பிறகு? 351 மீட்டர்! அதிகம் பலன் கிடைத்தவர்களிடம் மூன்று விஷயங்கள் பொதுவாக இருந்தன. வலி நன்றாக ஏறும் வரை நடந்தார்கள். வாரம் மூன்று நாளாவது, தடவைக்கு அரை மணிக்கு மேல் நடந்தார்கள். ஆறு மாசத்துக்குக் குறையாமல் தொடர்ந்தார்கள்.

‘சரி, அடைப்பையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லதுதானே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்காகவே அமெரிக்காவில் ‘கிளெவர்’ என்று ஓர் ஆய்வு நடந்தது. இடுப்புப் பக்கத்துப் பெரிய குழாயில் அடைப்பு உள்ள 111 பேர். ஒரு கோஷ்டிக்கு மருந்து மட்டும். அடுத்த கோஷ்டிக்கு மருந்தோடு ஸ்டென்ட். மூன்றாவது கோஷ்டிக்கு மருந்தோடு, பயிற்சியாளர் மேற்பார்வையில் நடை. ஆறு மாசம் கழித்து நடைமேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்கள் முன்பைவிட 1.2 நிமிஷம் கூடுதலாக நடந்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் 3.7 நிமிஷம். நடைப் பயிற்சி செய்தவர்கள் 5.8 நிமிஷம்!

ஸ்டென்ட் வைத்தவர்கள் ‘எங்களுக்கு அன்றாட வாழ்க்கை சுலபமாகிவிட்டது’ என்று அதிக மார்க் போட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு மாசம் கழித்துப் பார்த்தபோது, நடக்கும் நேரத்தில் ஸ்டென்ட்டுக்கும் பயிற்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கத்தி வைக்காத, கம்பி நுழைக்காத ஒரு வைத்தியம், ஸ்டென்ட்டுக்குச் சமமாக நிற்கிறது என்றால் சின்ன விஷயமா?

அப்படியானால், வலி வராமல் மெதுவாக நடந்தால் போதாதா? இதற்கும் பதில் இருக்கிறது. சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் மேரி மெக்டர்மாட் குழுவினர் 305 பேரை வைத்து ஒரு வருஷம் நடத்திய ‘லைட்’ ஆய்வு 2021-ல் வெளியானது. ஒரு பிரிவினர் வீட்டிலிருந்தபடியே வலி வரும் வேகத்தில் நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் வலி வராத சுகமான வேகத்தில் நடந்தார்கள். மூன்றாவது பிரிவினருக்குப் பயிற்சியே இல்லை. கடைசியில், ஆறு நிமிஷத்தில் நடக்கும் தூரத்தை அளந்தார்கள். வலிக்க நடந்தவர்களுக்குச் சராசரியாக 34 மீட்டர் கூடியிருந்தது. சுகமாக நடந்தவர்கள்? பயிற்சியே செய்யாதவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை!

ஆக, இந்த நோயில் வலி எதிரி அல்ல. ‘இந்த அளவுக்கு நடந்தால்தான் பலன்’ என்று காட்டும் அடையாளக் கல்.

அடைப்பு அப்படியே இருக்க, நடை மட்டும் எப்படிக் கூடுகிறது? பக்கவாட்டில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன என்றுதான் முன்பு நினைத்தார்கள். ஆனால், பயிற்சிக்குப் பிறகும் கணுக்கால் அழுத்த எண் அவ்வளவாக மாறுவதில்லை. முக்கியமான மாற்றம் தசைக்குள்ளேயே நடக்கிறது. கிடைக்கிற கொஞ்சம் பிராண வாயுவைச் சிக்கனமாகச் செலவு செய்யத் தசை கற்றுக்கொள்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் நன்றாக விரியப் பழகுகிறது. வருமானம் கூடவில்லை, ஆனால், குடும்பம் நடத்தத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

எப்படி நடப்பது?

* முதலில் டாக்டரைப் பாருங்கள். இதயம் தாங்குமா என்று தெரிந்துகொண்ட பிறகே பயிற்சி.

* மேடு பள்ளம் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். மொட்டை மாடி, பள்ளி மைதானம், கோயில் வெளிப் பிராகாரம் எதுவானாலும் சரி. நிற்கும்போது உட்கார ஓர் இடம் இருந்தால் நல்லது. பிராகாரத்தில் வெறுங்காலோடுதான் நடக்க முடியும் என்றால், சர்க்கரை நோயாளிகள் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

* மூன்றிலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் வலி ஆரம்பிக்கும் வேகத்தில் நடங்கள். வலி ஓரளவு பலமாகும் வரை தொடருங்கள். தாங்கவே முடியாத அளவுக்குப் போக வேண்டாம்.

* நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். வலி முழுக்க விட்டுப்போகட்டும். அவசரப்பட வேண்டாம். மறுபடி நடங்கள்.

* நடை, ஓய்வு எல்லாம் சேர்த்து முதலில் அரை மணி. பிறகு மெல்ல மெல்ல ஐம்பது நிமிஷம் வரை. வாரத்துக்கு மூன்று நாளாவது. மூன்று மாசம் ஆனால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டு வாரத்தில் ‘ஒண்ணும் ஆகலியே’ என்று விட்டுவிடாதீர்கள்.

* காலண்டரிலேயே எழுதி வையுங்கள். ‘இன்று நான்காவது கம்பம் வரை’ என்று ஒரு நாள் எழுதும்போது கிடைக்கும் சந்தோஷமே தனி.

* நடுவில் நெஞ்சு வலி, மூச்சு இறைப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். காலில் புண் இருப்பவர்களுக்கும், படுத்திருக்கும்போதே வலிப்பவர்களுக்கும் இந்தப் பயிற்சி அல்ல. அவர்கள் நேராக ரத்தக் குழாய் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை... எது காலுக்கு, எது உயிருக்கு?

‘பென்டாக்ஸிபிலின்’ என்று ஒரு மாத்திரை. ரத்தத்தை இளக்கி, நடையைக் கூட்டும் என்று வருஷக்கணக்காக எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 698 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, 24 வாரம் சோதித்து, 2000-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குப் பென்டாக்ஸிபிலின், ஒரு பிரிவுக்கு ‘சிலோஸ்டசால்’, இன்னொன்றுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. சிலோஸ்டசால் சாப்பிட்டவர்களுக்கு நடை சராசரியாக 107 மீட்டர் கூடியது. பென்டாக்ஸிபிலினுக்கு 64 மீட்டர். வெற்று மாத்திரைக்கு? 65 மீட்டர்!

சிரிக்கத் தோன்றுகிறது, இல்லையா? ‘மருந்து சாப்பிடுகிறோம்’ என்ற நம்பிக்கையும், டாக்டரிடம் அடிக்கடி போய்வரும் கவனமுமே நடையை அவ்வளவு கூட்டிவிடும். ‘எனக்குச் சரியாயிடுச்சு’ என்ற ஒருவரின் சாட்சி ஏன் போதாது என்பது இப்போது புரிந்திருக்கும். சிலோஸ்டசாலும் எல்லோருக்கும் ஆகாது. இதய பலவீனம் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. டாக்டர் கொடுத்தால் மட்டுமே சாப்பிட வேண்டும்.

நடையைக் கூட்டும் மாத்திரையைவிட முக்கியமானவை, உயிரைக் காக்கும் மாத்திரைகள். காலில் அடைப்பு என்றால் இதயத்திலும் மூளையிலும் அடைப்பு இருக்கலாம் என்றுதான் அர்த்தம். இந்த நோயாளிகளில் பலரின் உயிரைக் கொண்டுபோவது மாரடைப்பும் பக்கவாதமும்தான். பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், 6,748 பேர் கால் ரத்தக் குழாய் நோய் உள்ளவர்கள். கொழுப்பைக் குறைக்கும் ‘சிம்வாஸ்டாடின்’ மாத்திரை, அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகளை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. இதோடு, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரல். ‘கொலஸ்ட்ரால் நார்மலா இருக்கே, இந்த மாத்திரை எதுக்கு?’ என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

பலூனா, பைபாஸா?

நோய் முற்றினால் நிலைமை வேறு. ராத்திரி படுத்தால் பாதத்தில் எரிச்சலோடு வலி. காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் தூக்கம். விரலில் ஒரு சின்னப் புண், வாரக்கணக்கில் ஆறவில்லை. அப்புறம் விரல் கறுத்துப்போகிறது. இந்தக் கட்டத்தில் ரத்த ஓட்டத்தைத் திறந்துவிடாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரும்.

1964, ஜனவரி 16. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து போர்ட்லாண்ட் நகரம். எண்பத்திரண்டு வயதுப் பாட்டி ஒருவருக்குக் கால் விரல்கள் கறுத்துவிட்டன. ‘காலை எடுத்தாக வேண்டும்’ என்றார்கள் சர்ஜன்கள். பாட்டி ஒரேயடியாக மறுத்துவிட்டார். அங்கே எக்ஸ்-ரே பிரிவில் இருந்த டாக்டர் சார்லஸ் டாட்டர், தொடைக் குழாயில் இருந்த குறுகலான இடத்துக்குள் ஒன்றைவிட ஒன்று தடிமனான மெல்லிய குழல்களை வரிசையாக நுழைத்து, அதை அகலமாக்கினார். சில்லிட்டுக் கிடந்த பாதம் சூடானது. சில விரல்கள் போனாலும் கால் தப்பியது. அதற்குப் பிறகு பாட்டி உயிரோடு இருந்த காலமெல்லாம் சொந்தக் காலில்தான் நடந்தார். கத்தி இல்லாமல் அடைப்பு எடுக்கும் வைத்தியம் பிறந்தது அன்றைக்குத்தான். 1974-ல் சூரிச் நகரத்து டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் குழலின் நுனியில் பலூனைப் பொருத்தினார். இன்று இதயத்துக்குச் செய்கிற ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முன்னோடி, காலுக்குச் செய்த இந்த வைத்தியம்தான்!

பைபாஸ் அதற்கும் மூத்தது. 1948-ல் பாரீஸில் டாக்டர் ஜான் குன்லின், நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, அதைத் தலைகீழாகத் திருப்பி, அடைப்புக்கு மேலும் கீழும் தைத்து மாற்றுப் பாதை போட்டார். ஏன் தலைகீழாக? சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ஒரு திசையில்தான் திறக்கும். திருப்பி வைத்தால்தான் ரத்தம் கீழே இறங்கும்.

கால் போகும் நிலையில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டில் எது நல்லது? இரண்டு பெரிய ஆய்வுகள் இதற்கு விடை தேடின. வேடிக்கை என்னவென்றால், இரண்டும் இரண்டு விதமாகப் பதில் சொன்னன.

2022-ல் வெளியான ‘பெஸ்ட்-சிஎல்ஐ’ ஆய்வில் 1,830 நோயாளிகள். அவர்களில் காலில் நல்ல நீளமான சிரை உள்ளவர்களுக்கு பைபாஸ்தான் ஜெயித்தது. மறுபடி பெரிய ஆபரேஷன், காலை எடுப்பது, மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள், பைபாஸ் பிரிவில் நூற்றுக்குச் சுமார் 43 பேர். பலூன், ஸ்டென்ட் பிரிவில் 57 பேர். நல்ல சிரை இல்லாதவர்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த வருஷமே, 2023-ல், பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் 345 பேரிடம் நடந்த ‘பேசில்-2’ ஆய்வு வந்தது. இவர்களுக்கு அடைப்பு முழங்காலுக்குக் கீழே உள்ள சின்னக் குழாய்களில். காலை இழந்தவர்கள் அல்லது இறந்தவர்கள், முதலில் பைபாஸ் செய்தவர்களில் நூற்றுக்கு 63 பேர். முதலில் பலூன் வைத்தியம் செய்தவர்களில் 53 பேர். இங்கே பலூன் ஜெயித்தது!

‘டாக்டர்களுக்கே தெரியலையே!’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு ஆய்விலும் நோயாளிகள் ஒரே மாதிரி இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் இதுதான்: அடைப்பு எங்கே, காலில் நல்ல சிரை இருக்கிறதா, உடம்பு ஆபரேஷன் தாங்குமா - இந்த மூன்றையும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தப் புள்ளிவிவரங்களை இன்னொரு தடவை பாருங்கள். எது ஜெயித்தாலும், இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் இழப்பு மிக அதிகம். அதனால்தான், மூன்றாவது கம்பத்தில் வலி வரும்போதே விழித்துக்கொள்ளுங்கள் என்கிறோம்.

புதிதாக என்ன வந்திருக்கிறது?

சர்க்கரை நோய்க்குப் போடும் ‘செமாகுளூடைட்’ ஊசியை, சர்க்கரையும் கால் அடைப்பும் சேர்ந்துள்ள 792 பேருக்கு 20 நாடுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். ‘ஸ்ட்ரைட்’ என்ற இந்த ஆய்வு 2025-ல் வெளியானது. ஒரு வருஷத்தில், வெற்று ஊசி போட்டவர்களைவிட நடக்கும் தூரம் 13 சதவிகிதம் கூடுதலாக உயர்ந்தது. பெரிய பாய்ச்சல் இல்லை. ஆனால், நம்பிக்கை தரும் அடி.

‘இனி வழியே இல்லை, காலை எடுத்தாக வேண்டும்’ என்ற நிலையில் இருந்த 105 பேருக்கு, ஒரு சிரையையே தமனியாக மாற்றிப் பாதத்துக்கு ரத்தம் அனுப்பும் முறையைச் செய்து பார்த்த ஆய்வு 2023-ல் வந்தது. ஆறு மாசத்துக்குப் பிறகு நூற்றுக்கு 66 பேர் காலோடும் உயிரோடும் இருந்தார்கள்.

ஸ்டெம் செல்? இங்கேதான் ஜாக்கிரதை தேவை. நெதர்லாந்தில் 160 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அவர்களுடைய எலும்பு மஜ்ஜைச் செல்களையே எடுத்துக் காலின் ரத்தக் குழாயில் செலுத்தினார்கள். இன்னொரு பிரிவுக்குப் பொய் ஊசி. 2015-ல் வெளியான முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஆராய்ச்சிகள் தொடர்கின்றன. ஆனால், விளம்பரத்தைப் பார்த்து நிலத்தை விற்றுப் பணம் கட்டாதீர்கள்.

பீடி பிடிக்கும் தம்பிக்கு...

இந்த நோய்க்கு ஒரு தம்பி உண்டு. பெயர், பர்ஜர் நோய். 1908-ல் நியூயார்க் டாக்டர் லியோ பர்ஜர், வெட்டி எடுக்கப்பட்ட கால்களைச் சோதித்து விவரமாக எழுதினார். இது கொழுப்பு அடைப்பு இல்லை. குழாயே அழன்று, உள்ளே ரத்தம் உறைந்து மூடிக்கொள்ளும். வருவது பெரும்பாலும் முப்பது, நாற்பது வயது ஆண்களுக்கு. காரணம், புகையிலை. பீடியோ சிகரெட்டோ, முழுவதுமாக விட்டால் கால் பெரும்பாலும் பிழைக்கும். ‘ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு’ என்று வைத்துக்கொண்டால்கூட, விரல் விரலாகப் போகும். சமரசமே கிடையாது.

கொழுப்பு அடைப்பு உள்ள அப்பாக்களுக்கும் இதே புத்திமதிதான். புகையை விடாமல் செய்கிற எந்த வைத்தியமும் ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுதான்.

டாக்டரிடம் கேளுங்கள்

* என் கணுக்கால் அழுத்த எண் எவ்வளவு?

* எனக்கு நடைப் பயிற்சி போதுமா? மூன்று மாசம் நடந்து பார்த்துவிட்டு வரலாமா?

* அடைப்பு எந்த இடத்தில்? பைபாஸுக்கு ஏற்ற சிரை காலில் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்தீர்களா?

* காலை எடுக்க வேண்டும் என்று சொன்னால், ‘ரத்த ஓட்டத்தைத் திறக்க முடியுமா என்று ஆஞ்சியோகிராம் பார்த்தாச்சா?’ என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரம் இல்லை என்றால் இன்னொரு ரத்தக் குழாய் நிபுணரின் அபிப்பிராயமும் கேளுங்கள். ஆனால், புண்ணில் கிருமி ஏறிக் காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் தாமதம் உயிருக்கே ஆபத்து.

* திடீரென்று ஒரு கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்து, கடுமையாக வலித்தால் அது அவசரம். தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரத்தில் கால் போய்விடும்.

* சர்க்கரை நோயாளிகள் தினமும் ராத்திரி பாதத்தைப் பாருங்கள். குனிய முடியவில்லையா? ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். வெந்நீர் ஒத்தடம், வெறுங்கால் நடை, பிளேடால் ஆணிக்கால் வெட்டுவது - மூன்றும் கூடாது.

இப்போது மறுபடி நம் அப்பாவிடம் வருவோம். நாளை சாயங்காலம் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், ‘உட்காருங்கப்பா’ என்று பையைப் பிடுங்காதீர்கள். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் ‘சரி, நடக்கலாம்’ என்று சொன்னதும் நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடங்கள். மூன்றாவது கம்பத்தில் அவர் நின்றால் நீங்களும் நில்லுங்கள். பாத்திரக் கடையை இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்கலாம். வலி விட்டதும், ‘‘போலாமாப்பா?’’ என்று கேளுங்கள்.

நாலாவது கம்பம் தூரத்தில் இல்லை!